ஹெர்தாவின் அடுப்புக்கு மேல் தொங்கிய கத்தி

படைவீரன் துப்பாக்கி முனையில் மாட்டுகிற துப்பாக்கிக் கத்தி ஒன்றைப் பார்த்து, அதைச் செய்த வருஷத்தை ஏவால்ட் டோர்ன் சொல்வார் என்று யாராவது சொன்னால், அது அவரைக் குறைத்துச் சொன்னதாகும். அவர் பார்க்காமலே சொல்வார். பழைய செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, மேசையில் வைத்தால் போதும். கையில் எடுத்து ஒரு தூக்குத் தூக்குவார். கட்டைவிரலால் தாளுக்கு மேலேயே நுனியிலிருந்து பிடிவரை ஒரு தடவு. பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

“தொண்ணூத்தெட்டு-அஞ்சு மாடல். நுனிப்பக்கம் அகலம், கசாப்புக் கத்தி மாதிரி. கைக்காப்பு மேல காது மாதிரி நீட்டின ரெண்டும் இல்ல, அப்போ முதல்ல வந்த சரக்கு இல்ல. முதுகுல ரம்பப்பல் இருந்திருக்கு, அப்புறம் எவனோ அரைச்சுத் தள்ளியிருக்கான். பதினாறுல செஞ்சது. எழுதி வச்சுக்கோங்க.”

கட்டைப் பிரிப்பார்கள். கத்தியின் முதுகில், கைக்காப்பை ஒட்டி, ஒரு கிரீடம். அதன் கீழே அரசர் பெயரின் முதல் எழுத்து. அதற்கும் கீழே 16. மேசையைச் சுற்றி ஒரு முனகல் எழும். ஏவால்ட் அப்போதுதான் கண்ணைத் திறப்பார்.

“அடுத்தது யாருது?”

இது ஞாயிறுதோறும் கோயில் மணி ஓய்ந்த பிறகு, ஸோலிங்கன் ஊரில், வுப்பர் ஆற்றைப் பார்த்த சரிவில் இருந்த ஹெர்தா ஷாஃபின் விடுதியில் நடக்கும். மேசையில் ஏழெட்டுப் பேர். எல்லாரும் எஃகைத் தொட்டுச் சோறு தின்றவர்கள்: சாணை பிடித்தவர்கள், கத்தரிக்கோல் முடுக்கியவர்கள், சவரக் கத்தி தீட்டியவர்கள். எங்கள் ஊரில் வேறு ஆட்கள் கிடைப்பதும் கஷ்டம். வாரம் முழுக்கக் கத்தியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கும் கத்தியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குத் துணையாக ஹெர்தாவின் வாஃபிள் வரும், மேலே பால்சோறும் சூடான செர்ரியும் போட்டு. அந்த வாஃபிளுக்காகவே துப்பாக்கிக் கத்தி சேர்க்க ஆரம்பித்தவர்களும் அந்த மேசையில் உண்டு.

ஒரே ஒரு சட்டம். 1918-க்குப் பிந்திய கத்தி எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. அது ஹெர்தா போட்ட சட்டம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் இளவயதில் அங்கே யாரும் இல்லை; அதற்கு அடுத்த போரை எல்லாரும் வாழ்ந்து பார்த்தவர்கள்.

ஏவால்ட் எதையும் தானாகக் கற்றவர். இதை அவரே சொல்வார், நீங்கள் கேட்காவிட்டாலும். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். மெருகுப் பட்டறையில் முதல் நாள் முக்காலியில் உட்கார்ந்தபோது கால் தரைக்கு எட்டவில்லை. நாற்பது வயதில் சொந்தப் பட்டறை, நான்கு மெருகுச் சக்கரம், வாசலில் தன் பெயர் போட்ட பலகை. எழுத்து அவருக்குக் கடைசிவரை கொஞ்சம் தகராறுதான். ஆனால் எஃகில் பொறித்திருந்தால் எந்த எழுத்தையும் விடமாட்டார்.

அந்தப் படிப்பு வந்த கதை தனி. 1945-ல் கடைசிப் போர் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது வேலை இல்லை, வெண்ணெய் இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. ஆனால் பழைய துப்பாக்கிக் கத்திகள் மட்டும் மலைமலையாகக் கிடந்தன. யாரும் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று ஜெயித்த படைகளின் உத்தரவு. அந்தக் கத்திகளை வெட்டிக் குறைத்து, தீட்டி, மெருகேற்றி, ரொட்டி அறுக்கவும் உருளைக்கிழங்கு சீவவும் ஏற்றதாக மாற்றும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன் புரட்டிப் பார்ப்பார். பிரஷ்யாவின் கிரீடம், பவேரியாவின் கிரீடம், சாக்சனிக் கத்தியில் இரட்டை எழுத்து. எந்த வருஷம் பிடியை மாற்றினார்கள், எப்போது துப்பாக்கி நெருப்பு மரத்தைச் சுடாமலிருக்கத் தகடு வைத்தார்கள், எப்போது தோல் உறை போய் இரும்பு உறை வந்தது, எல்லாம் கைக்குள் இறங்கிவிட்டது. “இந்த ஊர்ல பாதி வீட்டுல கைசரோட காலாட்படைதான் இன்னிக்கும் வெண்ணெய் தடவிக்கிட்டிருக்கு. அணிவகுக்க வச்சு அனுப்பினது நான்” என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு கத்தியைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை.

அது ஹெர்தாவின் விடுதியில், ஓடு பதித்த பெரிய கணப்பு அடுப்புக்கு மேல், இரண்டு ஆணியில் தொங்கியது. குட்டையான துப்பாக்கிக் கத்தி, மரப்பிடி. பக்கத்தில் அதன் தோல் உறை. புதிதாக யார் வந்தாலும் ஹெர்தா இரண்டு கையிலும் பீர்க் குவளைகளோடு அடுப்பில் சாய்ந்து நின்று சொல்வாள்:

“என் மாமனார் டானியல் ஷாஃப் இடுப்புல இருந்ததுங்க இது. எழுபதுல பிரெஞ்சுக்காரனோட நடந்த சண்டை. கிராவ்லோட்ல கால்ல குண்டு பாஞ்சும் இதை விடலையாம். சாகுறவரைக்கும் நொண்டிக்கிட்டேதான் நடந்தார்.”

வந்தவர் வாயைப் பிளப்பார். மேசையில் இருக்கும் ஏழெட்டுப் பேரும் அந்த நேரம் பார்த்துத் தங்கள் வாஃபிளை மிகவும் கவனமாக வெட்டுவார்கள்.

ஏனென்றால் அந்த மேசைக்கு விஷயம் தெரியும். 1870-ல் போனவர்கள் துப்பாக்கி முனையில் மாட்டியது நீளமானது, ஈட்டி மாதிரி அல்லது வாள் மாதிரி. இந்தக் குட்டைக் கத்தி வடிவம் படைக்கு வந்ததே 1884-ல்தான். டானியல் ஷாஃப் இதை இடுப்பில் கட்டிக்கொண்டு கிராவ்லோட்டுக்குப் போயிருந்தால், அந்தச் சண்டை முடிந்து பதினான்கு வருஷம் கழித்துப் போயிருக்க வேண்டும்.

சரியான வருஷத்தைச் சொல்லக் கத்தி முதுகில் குறியும் இல்லை. கிரீடம், எழுத்து, எண் எதுவும் கிடையாது. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்கு ஏவால்ட் தன் மேசைக்கு மட்டும் மெல்லிய குரலில் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஹெர்தா சனிக்கிழமைதோறும் அதை இறக்கி, மெருகுச் சுண்ணாம்பு தொட்ட துணியால் தேய்ப்பாள். மங்கிய கத்தி வீட்டில் இருந்தால் ஸோலிங்கன் பெண்ணுக்குத் தூக்கம் வராது. “முப்பது வருஷமாத் தேய்க்கிறா. குறி எங்க மிஞ்சும்? சுண்ணாம்போட போச்சு” என்பார் ஏவால்ட். எல்லாரும் தலையாட்டுவார்கள். மெருகால் பிழைக்கிற ஊரில் மெருகு செய்யாத காரியம் உண்டா?

ஹெர்தாவுக்கு அறுபது வயது. இளவயதில் தலையில் கத்திக்கூடை சுமந்து, ஆற்றோரத்துச் சாணைக் குடிசைகளிலிருந்து மேட்டுக் கடைகளுக்கு ஏறி இறங்கியவள். அந்த நடை இன்னும் மாறவில்லை. கழுத்து நிமிர்ந்தே இருக்கும். கணவன் ஓட்டோ இறந்து ஒன்பது வருஷம். மாடியில் ஓட்டோவின் அக்கா ஆடேல் இருந்தாள், எழுபத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவள், டானியல் ஷாஃபின் புகழுக்குக் காவல்.

அந்த வருஷம் ஏப்ரலில், டிராலி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஏவால்ட் ஹெர்தாவிடம் கேட்டுவிட்டார்.

“ஹெர்தா, நானும் தனி ஆள், நீங்களும் தனி ஆள். எனக்கு வீடு இருக்கு, பட்டறை இருக்கு, பல்லு பூரா சொந்தப் பல்லு. கல்யாணம் பண்ணிக்கலாமா?”

ஹெர்தா பஸ் வருகிறதா என்று பார்த்தாள். “ஆகஸ்ட்ல கண்காட்சி இருக்கு. அது முடியட்டும், சொல்றேன். இப்ப எனக்குத் தலைக்கு மேல வேலை.”

மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று ஏவால்ட் பஸ்ஸில் ஏறாமல் வீடுவரை நடந்தே போனார். பாதி வழியில்தான் எந்தக் கண்காட்சி என்று உறைத்தது.

பிரெஞ்சுக்காரனோடு நடந்த அந்த 1870 போருக்கு நூறு வருஷம் ஆனதற்காக, பேட்டைச் சங்கத்தார் துப்பாக்கி சுடுவோர் மண்டபத்தில் வீடுகளில் இருக்கும் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தது. ஆடேல் முதல் ஆளாகப் போய் அப்பாவின் கத்திக்குப் பேர் கொடுத்துவிட்டாள். நடு மேசை, கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் வைக்கிற அட்டையும் தயார்: ‘1870-ல் கிராவ்லோட் போரில் டானியல் ஷாஃப் ஏந்தியது.’ பார்க்க எஸ்ஸென், டூஸல்டார்ஃப் பக்கத்திலிருந்தெல்லாம் கத்தி சேர்ப்பவர்கள் வருவார்கள்.

“முடிஞ்சுது மாப்ளே” என்றான் ரூடி. சவரக் கத்தி தீட்டுகிறவன், ஏவால்டோடு ஒரே பட்டறையில் வேலை கற்றவன். ஏவால்டை அவன் ஒருவன்தான் வாடா போடா என்பான். “எஸ்ஸென்காரன் அந்த அட்டையைப் படிச்சிட்டு மண்டபத்துலயே உருண்டு சிரிப்பான். கத்தி ஊர்க்காரனுக்குக் கத்தி தெரியலன்னு பத்து வருஷம் சொல்லிக் காட்டுவான். ஹெர்தா அந்தப் பெட்டி பக்கத்துல புதுக் கவுன் போட்டுக்கிட்டு நிப்பா.”

“நீ சொல்லேன்.”

“நானா கட்டிக்கப் போறேன்? இந்த மேசையில அதிகமா வாஃபிள் தின்னவன் நீ. நீயே சொல்லு.”

ஏவால்ட் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தார். ஒரு ஞாயிறு, “கண்ணாடிப் பெட்டியில வச்சா வேர்க்கும் ஹெர்தா, துரு பிடிக்கும்” என்றார். “நான் தினமும் போய்த் துடைக்கிறேன்” என்றாள் அவள். அடுத்த ஞாயிறு, “உறை மட்டும் வச்சா என்ன? உறைதான் அழகு” என்றார். ஆடேல் மாடிப்படியிலிருந்து, “சட்டையை மாட்டி வச்சிட்டு ஆளை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்றாரா இவரு?” என்று கேட்டாள். மூன்றாவது முறை, அட்டையில் ‘1870-ல் வாழ்ந்தவரின் கத்தி’ என்று போட்டால் போதாதா என்றார். ஹெர்தா அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

செய்தித்தாள் கட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஏவால்ட் தூக்கிப் பார்ப்பார், “ம்ம்” என்பார், அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஆகிவிட்டார். அவர் கர்வம் கேட்டுப் பழகிய மேசைக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிறு, மேசை நிறைந்திருக்கும்போது, ஹெர்தா சமையலறையிலிருந்து வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து கத்தியை இறக்கி, ஏவால்டின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆடேலும் பின்னால் வந்து நின்றாள்.

“தாளுக்குள்ள இருந்தாலே வருஷம் சொல்ற ஆளு நீங்க. இது தாளுக்குள்ள இல்ல. சொல்லுங்க.”

ரூடி தன் வாஃபிளை வெட்ட ஆரம்பித்தான்.

ஏவால்ட் கத்தியைத் தொடவில்லை. பொய் சொன்னால் இந்தப் பெண் கிடைப்பாள், ஆகஸ்டில் ஊர் சிரிக்கும். உண்மை சொன்னால் ஊர் சிரிக்காது, இவள் கிடைக்க மாட்டாள். அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு சாணைக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விரலைக் கொடுத்தோமே என்று நினைத்தார். பிறகு வாய் தானாகத் திறந்தது. அந்த வாய்க்குக் கத்தி விஷயத்தில் பொய் பழக்கமில்லை.

“எண்பத்து நாலுக்கு முன்னாடி இந்த மாதிரிக் கத்தியே கிடையாது ஹெர்தா. எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும். எழுபதுல இது பொறக்கல.”

“என் அப்பா பொய் சொன்னார்ங்கிறீங்களா?” ஆடேலின் குரல் கம்பி மாதிரி இருந்தது.

“கத்தி என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்றேன்மா.”

ஹெர்தா ஆடேலைப் பார்க்கவில்லை. கத்தியையும் பார்க்கவில்லை. “எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?”

“அது... முதல் தடவை வந்தப்பவே.”

“ரூடி, உனக்கு?”

“எனக்கும்தான் ஹெர்தா. இங்க எல்லாருக்கும்...” என்று சொல்லிவிட்டு ரூடி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“ஆக, வர்றவன் போறவன்கிட்டல்லாம் நான் இந்த அடுப்புல சாஞ்சுக்கிட்டு கதை அளந்தேன். நீங்க எல்லாம் குனிஞ்சுக்கிட்டு மென்னுக்கிட்டிருந்தீங்க. வருஷக்கணக்கா. என் வாஃபிளைத் தின்னுட்டே!” அவள் கத்தவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள், பாதி தின்றதையும் சேர்த்து. “கத்தி எந்த வருஷமோ இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஆளுங்க எப்படின்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வெளிய போங்க. ஏவால்ட், நீங்க முதல்ல.”

அதற்குப் பிறகு மேசை ரூடியின் கார் கொட்டகையில் கூடியது. அட்டைப்பெட்டி மேல் கத்தி, பெட்ரோல் வாசம், கடையில் வாங்கிய பிஸ்கட். இரண்டாவது வாரம் பாதிப்பேர் வரவில்லை.

ஏவால்ட் பட்டறையில் வேலையில் புகுந்துகொண்டார். அவர் கோபமெல்லாம் தன் மேல்தான். ஆனால் அவர் தன் மேல் கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் அதைச் சக்கரத்தின் மேல் காட்டினார். கடைக்காரர் ஒருவர் ஒரு கூடை மேசைக்கத்தி அனுப்பி, பக்கவாட்டில் இருக்கும் பழைய பெயர்ப் பொறிப்பை மெருகிலேயே அழித்துத் தரச் சொல்லியிருந்தார். ஏவால்ட் அழுத்தினார். சக்கரம் கதறியது. கத்தி சூடேறிக் கையைச் சுட்டது. பொறிப்பு போகவில்லை. மறுபடி அழுத்தினார். எழுத்து மங்கியது, ஆனால் நின்றது.

ஏவால்ட் சக்கரத்தை நிறுத்தினார்.

மோட்டார் ஓட்டுகிற சக்கரமே எடுக்க முடியாத பொறிப்பை, ஒரு பெண்ணின் துணியும் சுண்ணாம்பும் எடுத்ததா?

அன்று மாலை தன் சேகரிப்பிலிருந்து நல்ல கத்தி ஒன்றை எடுத்தார். முதுகில் கிரீடமும் எண்ணும் பளிச்சென்று இருந்த அருமையான உருப்படி. தினமும் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து, சுண்ணாம்பு தொட்டு, கையாலேயே அதன் முதுகைத் தேய்த்தார். ரூடி ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“டேய், கொலை பண்றியா? எவ்வளவு நல்ல உருப்படிடா அது!”

“பேசாம இரு. ஹெர்தா கையாத் தேய்ச்சுப் பாக்குறேன்.”

“காதல் வந்தா பூ வாங்கிக் கொடுப்பாங்கடா. நீ கத்தியத் தேய்க்கிறே!”

தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் ரேகை போனதுதான் மிச்சம். கிரீடம் முன்னைவிட அழகாக மின்னியது.

வேலைநாள் ஒன்றில், மதியத்துக்கு முன், விடுதி காலியாக இருக்கும் நேரம் பார்த்து ஏவால்ட் போனார். கதவைத் திறந்தது ஆடேல்.

“மறுபடி எங்க அப்பாவைக் குறை சொல்ல வந்தீங்களா?”

“இல்லம்மா. நான் சொன்ன தப்பைத் திருத்த வந்தேன். கத்தியை ஒரு தடவை காட்டுங்க. ஹெர்தாவையும் கூப்பிடுங்க.”

ஏவால்ட் டோர்ன் வாயிலிருந்து தன் தப்பு என்ற சொல் வந்ததைக் கேட்க ஹெர்தாவும் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். ஆனால் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஏவால்ட் கத்தியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

“ஹெர்தா, முதுகுல குறி இல்லாததுக்கு நீங்க தேய்ச்சதுதான் காரணம்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

“அதையும் சொன்னீங்களா! எனக்குப் பின்னால?”

“சொன்னேன். தப்பு. இங்க பாருங்க, பக்கவாட்டுல செஞ்ச பட்டறையோட பேரு. ஒவ்வொரு எழுத்தும் நிக்குது. உங்க துணி அதிகமாப் போறது இந்த இடத்துலதான். இது போகலன்னா முதுகுல இருந்தது மட்டும் எப்படிப் போகும்? அங்க எதுவுமே இருந்ததில்ல. பிடியோட தலையில பாருங்க, ஆய்வாளர் முத்திரை இல்ல. கைக்காப்புல படைப்பிரிவு எண் இல்ல. இந்தக் கத்தியைப் படை எடுத்துக்கவே இல்ல.”

“அப்போ உறை?” என்றாள் ஹெர்தா. கை கட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஏவால்ட் உறையின் மேல் வாரைத் தளர்த்தினார். வாருக்கு அடியில், பூணில், எண்கள் சின்னதாக இருந்தன. “உறை நெசமாவே படைக்குப் போனது. ஊர்க்காவல் படை, வயசான ஆளுங்க பிரிவு. ஆனா கத்தியும் உறையும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்ல.” கத்தியை உள்ளே விட்டு ஆட்டினார். கடகடவென்று சத்தம் வந்தது. “கேளுங்க. ஜோடியா இருந்தா பேசாம இருக்கும்.”

“அப்ப ஏன் படை எடுத்துக்கல?” இதைக் கேட்டது ஆடேல். அவள் குரல் மாறியிருந்தது.

ஏவால்ட் கத்தியை வெளிச்சத்தில் சாய்த்தார். கத்தியின் பக்கத்தில் நீளமாக ஓடும் பள்ளம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி மின்னியது. “இந்த ஓடையைப் பாருங்க. சாணைக்கல்லுல கையால போட்டது. பிடியிலேருந்து நேரா வருது, நேரா வருது, நுனிக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது முதுகுப் பக்கம் ஒரு மயிரளவு சாயுது. தண்ணிச் சக்கரம் துள்ளியிருக்கும், இல்ல பின்னால யாரோ கூப்பிட்டிருப்பாங்க. ஆய்வாளர் தள்ளிட்டார். தள்ளின கத்தியோட நஷ்டம் தீட்டினவன் தலையில விழும். ஆனா ஒண்ணு சொல்றேன். நானே சொல்றேன்னா பாத்துக்கோங்க. மத்த இடமெல்லாம் இந்த அளவு சுத்தமா ஓடை போட்டதை நான் வெட்டின ஆயிரக்கணக்கான கத்தியில பாத்ததில்ல. இதைத் தீட்டினவன் கை பெரிய கை.”

ஆடேல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“அப்பா கைதான்” என்றாள்.

“என்னக்கா சொல்றே?” என்றாள் ஹெர்தா.

“அப்பாதான் தீட்டினார். கீழ ஆத்தோரக் குடிசையில. தள்ளிட்டாங்கன்னு ராத்திரி சாப்பிடாமப் படுத்தாராம், அம்மா சொல்வா. உறை பக்கத்து வீட்டுக் கசாப்புக்காரர் கொடுத்தது. ஒரு வருஷம் அவர் கத்தியை எல்லாம் சும்மா தீட்டிக் கொடுத்தார் அதுக்கு.”

“கிராவ்லோட்?”

“அப்பாவைப் படையில சேத்துக்கவே இல்ல.”

“கால்ல குண்டு?”

ஆடேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஆப்பிள் மரத்துலேருந்து விழுந்தார். பக்கத்துத் தோட்டத்து மரம். பதினஞ்சு வயசுல.”

ஹெர்தா அடுப்புப் பக்கம் திரும்பினாள். பிறகு ஹெர்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஏவால்ட் பதறி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர.

“எட்டு வருஷம்! கல்யாணமாகி வந்ததுலேருந்து அவர் சாகுறவரைக்கும் அந்தக் காலுக்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்! சூப்புல உப்புக் குறைஞ்சா, ‘கிராவ்லோட்ல எங்களுக்கு உப்பே கிடையாது’ன்னு ஒரு குத்து. கரி தீந்துபோச்சுன்னா, ‘கிராவ்லோட்ல பனியில தூங்கினோம்’னு ஒரு குத்து. ஆகஸ்ட் மாசத்துல பனி! எனக்கும் அது தோணலையே!”

“ஹெர்தா!” என்று அதட்டினாள் ஆடேல். ஆனால் அவள் உதடும் நடுங்கியது. “ஆப்பிள் கூட நல்ல ஆப்பிள் இல்லையாம். புளிப்பாம்” என்று சொல்லிவிட்டு அவளும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஏவால்ட் நடுவில், கையில் கத்தியோடு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

புது அட்டையின் வாசகத்தை ஆடேலே சொன்னாள். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று சங்கத்துச் செயலாளரை எழுத வைத்தாள்: ‘ஸோலிங்கன் டானியல் ஷாஃப் தீட்டியது, சுமார் 1885. படை ஏற்காதது. எந்தப் போருக்கும் போகாதது. உறை வேறொருவருடையது.’

ஆகஸ்டில் மண்டபத்துக்கு எஸ்ஸென்காரர்கள் வந்தார்கள். சுவர் நெடுக வாளும் தொப்பியும் பதக்கமுமாக வீரமோ வீரம். அதையெல்லாம் கடந்து நடுப்பெட்டிக்கு வந்து குனிந்தார்கள். குனிந்தவர்கள் நிமிரவில்லை. முத்திரை விழாத கத்தி, தீட்டியவன் பெயரோடு! அப்படி ஒன்று அவர்கள் யாரிடமும் இல்லை. அதில் ஒரு பெரிய தொப்பைக்காரர் விலை பேச ஆரம்பித்தார்.

“இந்தக் கத்தி நூறு வருஷமா வீட்டை விட்டே போனதில்லைங்க. இப்பவும் போகாது” என்றாள் ஆடேல். தொண்ணூறு வருஷம்கூட ஆகவில்லை என்று ஏவால்டுக்குத் தெரியும். வாயைத் திறந்தார், ரூடி காலை மிதித்தான், மூடிக்கொண்டார்.

கண்காட்சி முடிந்த ஞாயிறு மேசை பழைய இடத்துக்கே திரும்பியது. ஹெர்தா எல்லாருக்கும் வாஃபிள் வைத்தாள். ஏவால்டுக்கு முன்னால் மட்டும் தட்டு வரவில்லை. எல்லாரும் போகும்வரை அவரைக் காக்க வைத்தாள். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏப்ரல்ல ஒண்ணு கேட்டீங்க.”

“கேட்டேன்.”

“எனக்குப் பொய் சொன்னா கோபம் வரும். வாயை மூடிக்கிட்டு மென்னா அதைவிட வரும். இனிமே உங்க மனசுல ஒண்ணு இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லணும். ரூடிகிட்ட இல்ல, மேசைகிட்ட இல்ல. முடியுமா?”

“முடியும்.”

“இப்பவே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். இத்தனை வருஷமா வாய்க்குள்ள வச்சிருந்தது.”

ஏவால்ட் யோசித்தார். காலை எடுத்து வெளியே வைத்துவிடலாமா என்று கதவைப் பார்த்தார். பெருமை பேசியே அறுபத்து மூன்று வயதுவரை வந்தவருக்கு இது புது வேலையாக இருந்தது. மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

“வியாழக்கிழமை போடுற பட்டாணி சூப்பு, ஹெர்தா. அதை வாயில வைக்க முடியாது. யாரும் சொல்ல மாட்டாங்க. ஊரே சாப்பிடுது, ஒருத்தருக்கும் பிடிக்கல.”

ஹெர்தா எழுந்தாள். கல்லாவுக்குப் பின்னால் போய், ஆணியில் மாட்டியிருந்த ஓட்டோவின் பழைய சமையல் மேலங்கியை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

“அப்போ இந்த வியாழக்கிழமை நீங்க போடுங்க. பட்டாணியை முந்தின நாளே ஊற வைக்கணும். புதன்கிழமை சாயங்காலமே வந்துடுங்க.”

ஏவால்ட் மேலங்கியைப் பிரித்துத் தன் தொப்பைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“சூப்பா? நான் போட்டேன்னா ஸோலிங்கன் பூரா வரிசையில நிக்கும்” என்றார்.